படிச்சேன்... புரிஞ்சுது... போச்சு!

ராத்திரி ரெண்டு மணி வரை முழித்து, மூன்று தடவை புரட்டி, முக்கியமான வரிகளையெல்லாம் மஞ்சள் ஹைலைட்டரில் குளிப்பாட்டி, 'இந்த யூனிட் நம்ம பாக்கெட்டில்' என்ற நிம்மதியோடு தூங்கப் போயிருப்பீர்கள். காலையில் எக்ஸாம் ஹால். கொஸ்டின் பேப்பரைப் பார்த்ததும் எல்லாம் ஞாபகம் வரும். அந்தப் பாடம் இடது பக்கத்தில் இருந்தது, மேலே ஒரு படம் இருந்தது, கீழே நீங்கள் சிந்திய டீ கறை இருந்தது... பதில் மட்டும் வராது!

வெளியே வந்ததும் அந்த வழக்கமான டயலாக்: "படிக்கும்போது நல்லாதான் மச்சி புரிஞ்சுது. என் மண்டையில எதுவும் நிக்க மாட்டேங்குது."

கேட்க காமெடியாக இருக்கும். ஆனால் இந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லி, கடைசியில் அதையே நம்பி, 'நமக்குப் படிப்பு வராது' என்று முடிவு கட்டியவர்கள் ஒவ்வொரு காலேஜிலும் இருக்கிறார்கள். அரியர் மேல் அரியர் விழுந்து, ஆசையாகச் சேர்ந்த கோர்ஸைப் பாதியில் விட்டவர்களும் உண்டு.

அப்படி ஒரு தீர்ப்பை உங்களுக்கு நீங்களே எழுதிக்கொள்வதற்கு முன்னால், ஒரு சாட்சியை விசாரித்துவிடலாம். அதன் பெயர் உளவியல். மனுஷ மூளை எப்படிக் கற்கிறது, எப்படி மறக்கிறது என்று 140 வருடங்களாக அளந்து பார்த்துக்கொண்டிருக்கும் துறை. அது சொல்வதைக் கேட்டால் கொஞ்சம் ஆச்சரியமாகவும் நிறைய ஆறுதலாகவும் இருக்கும்: பெரும்பாலான நேரங்களில் குற்றவாளி உங்கள் மூளை அல்ல, நீங்கள் படிக்கும் முறை!

எல்லாருமே ஓட்டைக் குடம்தான்

இலக்கண வகுப்பில் கொட்டாவி விட்டபடி நன்னூல் படித்திருப்பீர்கள். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதியது. அதன் பாயிரத்தில் ஆசிரியர் எப்படி இருக்கணும், மாணவர் எப்படி இருக்கணும் என்று ஒரு முழுநீள அலசலே இருக்கிறது. மாணவர்களை மூன்று ரகமாகப் பிரிக்கிறது அது. அன்னமும் பசுவும் ஃபர்ஸ்ட் கிளாஸ். மண்ணும் கிளியும் செகண்ட் கிளாஸ். கடைசி பெஞ்சில் இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி. இல்லிக்குடம் என்றால் ஓட்டைக் குடம். ஊற்றுவதெல்லாம் ஒழுகிப்போகும்.

'ஆஹா, நம்மைப் பற்றித்தான்' என்று நினைக்கிறீர்களா? அவசரப்படாதீர்கள்.

ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற உளவியலாளர், ஞாபகத்தை அளக்கத் தன்னையே சோதனை எலி ஆக்கிக்கொண்டார். அர்த்தமே இல்லாத அசைகளைப் பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்வார். கொஞ்ச நேரம் விடுவார். மறுபடி அதே பட்டியலைப் படிக்கும்போது பழைய உழைப்பில் எவ்வளவு மிச்சமாகிறது என்று அளப்பார். 1885ல் அவர் வெளியிட்ட கணக்கு இது: 20 நிமிடம் கழித்து மிச்சம் 58 சதவீதம். ஒரு மணி நேரத்தில் 44. ஒரு நாளில் 34. ஆறு நாளில் 25. ஒரு மாதத்தில் 21.

2015ல் ஆம்ஸ்டர்டாமில் இரண்டு ஆய்வாளர்கள் இதே சோதனையை மறுபடி செய்து பார்த்தார்கள். கிட்டத்தட்ட அதே கோடுதான் வந்தது.

அர்த்தமுள்ள பாடம் இவ்வளவு வேகமாக ஒழுகாது என்பது உண்மை. ஆனால் ஒழுகும் விதம் ஒன்றுதான். முதல் நாளில் சரசரவென்று இறங்கும், அப்புறம் மெதுவாகும். ஆக, கோல்டு மெடலிஸ்ட் குடத்திலும் ஓட்டை உண்டு. வித்தியாசம், அவர் எப்போது, எப்படி மறுபடி நிரப்புகிறார் என்பதில் இருக்கிறது.

14 தடவை படித்தவர் தோற்ற கதை

சரி, எப்படி நிரப்புவது? 'இன்னொரு தடவை படி' என்பதுதான் வீட்டிலும் ஸ்கூலிலும் நமக்குச் சொல்லப்பட்ட ஒரே பதில். அங்கேதான் ட்விஸ்ட்.

2006ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் என்ற இருவர் ஒரு சோதனை வெளியிட்டார்கள். மாணவர்களுக்கு ஒரு சின்ன அறிவியல் கட்டுரை. மொத்தம் நான்கு ரவுண்டு. ஒரு குழு நான்கு ரவுண்டிலும் படித்துக்கொண்டே இருந்தது. சராசரியாக 14 தடவை படித்துவிட்டார்கள்! இன்னொரு குழு முதல் ரவுண்டில் மட்டும் படித்தது. மூன்று, நாலு தடவைதான். மிச்ச மூன்று ரவுண்டிலும் கட்டுரையைப் பார்க்காமல், ஞாபகம் வந்ததையெல்லாம் வெறும் தாளில் எழுதினார்கள்.

ஐந்து நிமிடம் கழித்து டெஸ்ட் வைத்தபோது, படித்துக்கொண்டே இருந்தவர்கள் 83 சதவீதம். எழுதிப் பார்த்தவர்கள் 71. பார்த்தீர்களா, படிச்சவன்தான் ஜெயிச்சான் என்கிறீர்களா? ஒரு வாரம் கழித்து வைத்த டெஸ்ட்டைப் பாருங்கள். 14 தடவை படித்தவர்கள் 40. எழுதிப் பார்த்தவர்கள் 61!

இன்னொரு சுவாரஸ்யம். 'ஒரு வாரம் கழிச்சு உங்களுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கும்?' என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னது யார் தெரியுமா? படித்துக்கொண்டே இருந்த அதே குழுதான்.

ராத்திரி ரெண்டு மணிக்கு வரும் அந்த நிம்மதிக்கு இப்போது விளக்கம் கிடைத்துவிட்டது இல்லையா?

பத்து ரூபாய் டெஸ்ட்

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இப்போது புழக்கத்தில் இருக்கும் புது பத்து ரூபாய் நோட்டின் பின்பக்கம் என்ன படம்? பர்ஸைத் தொடாமல் சொல்லுங்கள்.

எத்தனை டீக்கடையில் நீட்டியிருப்பீர்கள்! கையில் கொடுத்தால் 'இது பத்து ரூபாய்' என்று தூக்கத்தில்கூடச் சொல்வீர்கள். ஆனால் படம்? அது கோனார்க் சூரியக் கோயில். 1979ல் அமெரிக்காவில் ஒரு சென்ட் காசை வைத்து இதே போல ஆய்வு செய்தார்கள். ஆயிரக்கணக்கான தடவை பார்த்த காசை ஒழுங்காக வரையத் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவு.

பார்த்தால் தெரிவது வேறு. பார்க்காமல் வருவது வேறு. ஒரு பக்கத்தை மூன்றாவது தடவை படிக்கும்போது கண்ணுக்கு அது பழகிவிடுகிறது. சுலபமாக ஓடுகிறது. அந்தச் சுலபத்தை 'எனக்குத் தெரியும்' என்று மனசு தப்பாக எடுத்துக்கொள்கிறது. எக்ஸாம் ஹாலில் கேட்கப்படுவது இரண்டாவது வேலை, பார்க்காமல் வரவழைப்பது. அந்த வேலைக்கு நாம் ஒரு தடவைகூட ப்ராக்டீஸ் செய்யவில்லை! நெட் பக்கமே போகாமல், கிரிக்கெட் மேட்ச்சை டி.வி.யில் பார்த்துவிட்டு ஓப்பனிங் இறங்குவது மாதிரி.

2009ல் வெளியான ஒரு ஆய்வில் 177 கல்லூரி மாணவர்களிடம் 'எப்படிப் படிக்கிறீங்க?' என்று கேட்டிருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வாசிப்பதாகச் சொன்னவர்கள் 84 சதவீதம். தன்னையே டெஸ்ட் செய்துகொள்வதாகச் சொன்னவர்கள் 11 சதவீதம்தான். 2013ல் ஜான் டன்லோஸ்கி என்பவரின் குழு, மாணவர்கள் பயன்படுத்தும் பத்து முறைகளை எடுத்து, அதுவரை வந்த ஆய்வுகளை வைத்து மார்க் போட்டது. ஹைலைட்டருக்கும் மறுவாசிப்புக்கும் குறைந்த மார்க். டாப்பில் வந்தவை இரண்டு: தன்னைத்தானே டெஸ்ட் செய்வது, இடைவெளி விட்டுப் படிப்பது.

நாலே நாற்காலி போட்ட ரூம்

இதெல்லாம் வகுப்பு முடிந்த பிறகு. வகுப்பு நடக்கும்போதே புரியவில்லை என்றால்?

மூளையில், இந்த நிமிடம் யோசித்துக்கொண்டிருப்பதை வைத்துக்கொள்ள ஒரு சின்ன ரூம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைச் செயல் நினைவு என்கிறார்கள். 1956ல் ஜார்ஜ் மில்லர் அங்கே ஏழு விஷயங்கள்வரை உட்காரலாம் என்றார். 2001ல் நெல்சன் கோவன் அதெல்லாம் இல்லை, சுமார் நாலுதான் என்று காட்டினார். நாலு நாற்காலி. ஐந்தாவது ஆள் உள்ளே வந்தால் யாராவது எழுந்து போகணும்.

இப்போது ஒரு காட்சி. பிளஸ் டூ வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, இன்ஜினீயரிங் முதல் வருடம் வந்து உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவி. உந்தம் தெரியும், முடுக்கம் தெரியும், நிலைமம் தெரியும். கணக்குப் போடவும் தெரியும். ஆனால் போர்டு பக்கத்திலிருந்து வருவது மொமென்டம், ஆக்ஸிலரேஷன், இனெர்ஷியா. அதுவும் எக்ஸ்பிரஸ் வேகத்தில். நாலு நாற்காலியில் இரண்டை மொழிபெயர்ப்பு வேலையே பிடித்துக்கொள்கிறது. பாடத்துக்கு மிச்சம் இரண்டு. பக்கத்து சீட்டில் இங்கிலீஷ் மீடியம் மாணவிக்கு நாலும் காலி. இரண்டு பேருக்கும் ஒரே பாடம், ஒரே ஐம்பது நிமிடம்.

முதல் இன்டர்னலில் மார்க் குறைந்ததும் இந்த மாணவி என்ன நினைப்பார்? 'நான் மக்கு.' உண்மையில் அவருடைய ரூமில் இடம்தான் இல்லை. அந்த வார்த்தைகள் பழகப் பழக நாற்காலிகள் தானாகக் காலியாகும்.

அதனால் வழியும் சுலபம். நாளைக்கு நடக்கப்போகும் பாடத்தில் வரும் பத்து வார்த்தைகளை இன்றைக்கே தமிழோடு ஜோடி சேர்த்து எழுதிப் பழகிவிட்டுப் போனால், வகுப்பில் பாடத்துக்கு இடம் கிடைக்கும். பேராசிரியர்களே, போர்டில் ஓரமாக ஒரு தமிழ்ச் சொல் எழுத உங்களுக்கு மூன்று விநாடிதான் ஆகும்!

கிளாஸ் சூப்பர்... ஆனா என்ன கத்துக்கிட்டோம்?

'அந்த சார் நடத்தினா அப்படியே புரியும்' என்போம். இதிலும் ஒரு சின்னப் பொறி இருக்கிறது. 2019ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் வகுப்பில் ஒரு சோதனை. ஒரே பாடம், மாணவர்கள் இரண்டு குழு. ஒரு குழுவுக்கு அனுபவசாலி பேராசிரியரின் அழகான, தெளிவான லெக்சர். இன்னொரு குழு, சின்னச் சின்னக் கூட்டமாகச் சேர்ந்து தாங்களே கணக்கோடு மல்லுக்கட்டியது. 'எங்கே அதிகம் கற்றதாக உணர்ந்தீர்கள்?' என்று பார்த்தால், லெக்சர் குழுதான் முன்னே. டெஸ்ட்டில் அதிக மார்க் எடுத்தது மல்லுக்கட்டிய குழு!

கற்பது என்பது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும். கஷ்டமாக இருக்கிறதே என்று 'புரியலை' என முடிவு கட்டிவிடக் கூடாது. இதைத்தான் நன்னூல் ஒரு கணக்காகவே போட்டுக் காட்டுகிறது. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் வரும். கூடப் படிப்பவர்களோடு பேசிப் பழகுவதில் இன்னொரு கால். மிச்ச அரைப் பங்கு? அடுத்தவருக்குச் சரியாக எடுத்துச் சொல்லும்போதுதான்! இந்தப் பின்னங்களை யாரும் லேபில் அளக்கவில்லை. ஆனால் திசை கச்சிதம். அடுத்தவருக்குச் சொல்லும்போது புத்தகம் கையில் இருக்காது. உள்ளே இருப்பதை வெளியே இழுத்தே ஆகணும்.

நம் திண்ணைப் பள்ளிகளின் சட்டாம்பிள்ளை ஞாபகம் இருக்கிறாரா? பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக் கொடுக்கும் முறை. 1789ல் சென்னை எழும்பூரில் இருந்த அநாதைப் பள்ளிப் பொறுப்புக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், மாணவர்களை வைத்தே மாணவர்களுக்குப் பாடம் நடத்திப் பார்த்தார். 1797ல் அதைப் புத்தகமாகப் போட்டார். அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்கு 'மெட்ராஸ் சிஸ்டம்' என்ற பெயரிலேயே போனது. ஹாஸ்டலில் எக்ஸாமுக்கு முதல் நாள் ஒருத்தரைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்திருப்பீர்களே, அதில் அதிகம் லாபம் அடைவது சொல்லிக் கொடுப்பவர்தான். அடுத்த தடவை ஒரு யூனிட்டை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

'இவன் தேற மாட்டான்'

மார்க்குக்குப் பின்னால் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. ஆசிரியரின் எதிர்பார்ப்பு. 1968ல் ராபர்ட் ரோசந்தால், லெனோர் ஜேக்கப்சன் இருவரும் வெளியிட்ட ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. கலிஃபோர்னியாவில் ஒரு ஆரம்பப் பள்ளியில், 'இந்தக் குழந்தைகள் இந்த வருடம் பிரமாதமாக முன்னேறுவார்கள்' என்று ஆசிரியர்களிடம் ஒரு லிஸ்ட் கொடுத்தார்கள். உண்மையில் அது குலுக்கல் முறையில் எடுத்த பெயர்கள்! வருட முடிவில், முக்கியமாக ஒன்றாம், இரண்டாம் வகுப்பில், லிஸ்ட்டில் இருந்த குழந்தைகள் மற்றவர்களைவிட முன்னேறியிருந்தார்கள்.

இந்த ஆய்வுக்கு நிறைய விமர்சனம் வந்தது. பின்னால் வந்த ஆய்வுகளை அலசிய 2005ஆம் வருடத்து ஒரு தொகுப்பு, விளைவு இருக்கிறது, ஆனால் பொதுவாகச் சின்னது என்றது. ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து வரும் பிள்ளைகளிடம் மட்டும் அது பெரிதாக இருக்கலாம் என்றும் சொன்னது. அந்தக் கடைசி வரியை மறுபடி படியுங்கள். வீட்டில் முதல் தலைமுறையாகக் காலேஜுக்கு வந்திருக்கும் ஒருவரைப் பார்த்து 'நீயெல்லாம் எதுக்கு வந்தே?' என்று ஒரு வார்த்தை விடுவது யாருக்கு வலிக்கும், எவ்வளவு தூரம் போகும் என்று புரியும்.

ஆசிரியர் சொல்லாவிட்டாலும் அதே வார்த்தையைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். 'மண்டையில நிக்காது' என்பதும் அந்த வகைதான்.

ஒரு வாரம் ட்ரை பண்ணுங்க!

* புக்கை மூடுங்க: ஒரு தலைப்பைப் படிச்சதும் மூடிட்டு, வெள்ளைத் தாள்ல ஞாபகம் வர்றதை எழுதுங்க. அப்புறம் திறந்து, விட்டதைச் சிவப்புப் பேனாவில் சேருங்க. அந்தச் சிவப்புதான் உங்க அடுத்த சிலபஸ்.

* பிரிச்சுப் படிங்க: ஒரே ராத்திரி நாலு மணி நேரத்துக்குப் பதிலா, இன்னைக்கு ஒரு மணி, நாளைக்கு, மூணு நாள் கழிச்சு, ஒரு வாரம் கழிச்சுன்னு பிரிங்க. மொத்த நேரம் அதேதான். கொஞ்சம் மறந்த பிறகு தேடி எடுத்தாதான் ஆழமாப் பதியும்.

* கலந்து போடுங்க: கணக்கை ஒரே மாடலா இருபது போடாதீங்க. 2007ல டக் ரோரர், கெல்லி டெய்லர் செய்த சோதனையில, வகை வகையா போட்டவங்க ப்ராக்டீஸ்ல 89 சதவீதம், கலந்து போட்டவங்க 60தான். ஒரு வாரம் கழிச்சு டெஸ்ட்ல? வகை வகையா போட்டவங்க 20, கலந்தவங்க 63! எந்த ஃபார்முலாவை எப்போ எடுக்கணும்கிறதையும் சேர்த்துப் பழகினதுதான் காரணம்.

* பழைய கொஸ்டின் பேப்பரைச் சரியா யூஸ் பண்ணுங்க: 'எது இம்பார்ட்டன்ட்'னு டிக் அடிக்க மட்டும் இல்லை. விடையைப் பார்க்காம எழுதிப் பார்க்க.

* பயத்துக்கும் இதுதான் மருந்து: 2016ல அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்துல, திரும்பப் படிச்சவங்களையும் நினைவிலிருந்து எடுத்துப் பழகினவங்களையும் மறுநாள் வேணும்னே டென்ஷன் பண்ணிப் பார்த்தாங்க. படிச்சு மட்டும் பழகினவங்க தடுமாறினாங்க. எடுத்துப் பழகினவங்களுக்குப் பெரிசா பாதிப்பில்லை.

ஒரு எச்சரிக்கை. முதல் இரண்டு நாள் கடுப்பாகத்தான் இருக்கும். தாளில் நாலு வரிக்கு மேல் வராது. 'முன்னாடி நல்லாத்தானே போச்சு' என்று பழைய ஹைலைட்டரைக் கை தேடும். அந்த நாலு வரிதான் நிஜ ஸ்கோர். ஹால் டிக்கெட்டோடு போய்த் தெரிந்துகொள்வதைவிட, உங்கள் ரூமில், சிவப்புப் பேனா கையில் இருக்கும்போதே தெரிந்துகொள்வது நல்லதுதானே?

எல்லாப் பிரச்னைக்கும் இதுவே மருந்து என்று சொல்ல மாட்டோம். பகுதி நேர வேலை பார்த்துவிட்டுத் தூக்கமில்லாமல் வருபவருக்கு முதலில் தூக்கம் வேண்டும். மனசு சரியில்லாதவருக்கு முதலில் பேச ஒரு ஆள் வேண்டும். ஆனால் உழைத்தும் மார்க் வரவில்லை என்று நொந்துபோயிருக்கும் உங்களுக்கு, உங்கள் மூளையைச் சந்தேகப்படுவதற்கு முன் செய்து பார்க்க ஒன்று இருக்கிறது. செலவு ஒரு வெள்ளைத் தாள்.

இப்பவே ஆரம்பிக்கலாம். இந்தப் பக்கத்தை மூடுங்கள். 14 தடவை படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து எத்தனை சதவீதம்? நன்னூல் கணக்கில் ஆசிரியரின் பங்கு எவ்வளவு? மூளை ரூமில் எத்தனை நாற்காலி? எழுதுங்கள் பார்க்கலாம்.

ஏய்... திருப்பிப் பார்க்கக் கூடாது!